அஞ்சு கட்டையில் எடுத்த பாட்டு

தம்பி, அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் சாத்துங்க. காத்து நேரா என் தொண்டையில வந்து அடிக்கி. கோவிச்சுக்கிடாதிய, நான் பாடுத ஆளு. முப்பத்தொரு வருசம் இந்தத் தொண்டையப் பிள்ள மாதிரி பாத்துக்கிட்டேன். ஐஸ் தண்ணி குடிச்சதில்ல. தயிர்ல கை வச்சதில்ல. யார்கிட்டயும் சத்தம் போட்டுச் சண்ட பிடிச்சதில்ல. சண்டன்னா எழுதித்தான் கொடுப்பேன். இப்பவும் இந்தப் பையில ஒரு மனு இருக்கு. பாளையங்கோட்டையில எங்க திருச்சபைத் தலைமை ஆபீஸ்ல கொடுக்கத்தான் போறேன்.

யார்மேலன்னு கேக்கியளா? கேக்கலியா? சரி, பஸ்ஸு பாளையங்கோட்டை போய்ச் சேர இன்னும் முக்கா மணி நேரம் இருக்கு. சொல்லுதேன், கேட்டுக்கிட்டு வாங்க.

நெத்தியில திருநீறு பூசியிருக்கிய, உங்களுக்கு எங்க முறை தெரியாது. எங்க ஊர் நன்றிபுரம். ஊருக்கு நடுவுல வேதக்கோயில். அதுல ஐயர் உண்டு. எங்க பக்கம் பாதிரியார ஐயர்னுதான் சொல்லுவோம். அவரு பிரசங்கம் பண்ணுவாரு. மூணு வருசத்துக்கு ஒருக்க மாறிப் போயிருவாரு. மாறாத ஆளு யாருன்னா பாடகர் குழுத் தலைவரு. எந்தப் பாட்டு, எந்தச் சுருதி, யாரு எடுக்கணும், எத்தன சரணத்தோட நிப்பாட்டணும், எல்லாம் அவரு சொல்லுததுதான். அந்தத் தலைவரு நான்தான். தேவசிகாமணின்னு நன்றிபுரத்துல இறங்கிக் கேட்டுப் பாருங்க. கரண்டு ஆபீஸ்ல லைன் இன்ஸ்பெக்டரா இருந்தேன். அது சும்மா வேல. இதுதான் உத்தியோகம்.

உங்களுக்குக் கட்ட கணக்குத் தெரியுமா? ஆர்மோனியத்துல எந்தக் கட்டைய ஆதாரமா வச்சுப் பாட்டெடுக்கோம்ங்கிறதுதான். ஆம்பிளைக்கு ஒண்ணு, ஒண்ணரை. பொம்பளைக்கு அஞ்சு. எங்க கோயில்ல எல்லாப் பாட்டும் ஒண்ணரைக் கட்டைதான். ஏன்னா என் சுருதி ஒண்ணரைக் கட்டை. பொம்பளைய பாட்டுக்கு அது எட்டாதுன்னு ஒரு ஐயர் வந்து சொன்னாரு. கேக்க எட்டும்லா, அது போதும்னேன்.

இன்னொரு பழக்கம் சொல்லுதேன், சிரிக்கக் கூடாது. எங்க ஊர்ல வயசான ஆளுக, பாட்டுப் புத்தகத்துல கடைசியா ஒரு வெத்துப் பக்கம் இருக்கும்லா, அதுல எழுதி வச்சிருவாவ. என் அடக்கத்துக்கு இன்ன பாட்டு, இன்னாரு எடுக்கணும்னு. அடக்கம்னா கல்லறையில வைக்கது. செத்த வீட்ல புத்தகத்தத் திறந்து அதத்தான் முதல்ல பாப்பாவ. நூத்திப் பன்னெண்டு புத்தகத்துல என் பேரு இருந்துச்சு தம்பி. தெருவுல நடந்து போனா, வீட்டுக்கு வீடு எனக்கு ஒரு ஆளு உண்டுங்கிற மாதிரி இருக்கும். நல்லா இருக்கியளான்னு நான் கேட்டா, உங்களுக்கு வேல கொடுக்க இன்னும் நாளாகும்பாவ. அவ்வளவு பிரியமா இருந்த ஊரு.

அப்புறம் வந்தான் கிப்சன்.

எங்க ஊரு மாப்பிள்ளை. சிவகாசிப் பக்கம். கல்யாணம் முடிச்சு இங்கயே தங்கிட்டான். ஸ்கூல் வேன் ஓட்டுதான். வயசு முப்பத்தஞ்சு இருக்கும். வந்து ஒரு வருசம் பின்னால பெஞ்சுல உக்காந்து பாடிக்கிட்டிருந்தான். நானும் கவனிச்சேன். சாரீரம் பரவாயில்ல. நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டேன், பரவாயில்ல. கமிட்டில கூடிப் பேசிட்டு என்ன வந்து சொன்னாவ தெரியுமா? அண்ணாச்சி, உங்களுக்கு ஓய்வு கொடுக்கலாம்னு பாக்கோம். நான் கேட்டேனா ஓய்வு? உங்ககிட்ட வந்து கேட்டேனா? பொன்னாட போத்துனாவ. போத்துன அன்னைக்கே என்ன மூணாவது பெஞ்சுல உக்கார வச்சாச்சு.

அந்தப் பய என் இடத்துல வந்து நின்னு முதல் நாளே என்ன பண்ணினான்னு கேளுங்க. பாட்ட எடுத்தான். ஒரு வரி பாடினான். நிப்பாட்டிட்டான். கையக் காட்டிச் சனங்களப் பாடச் சொல்லுதான். தலைவரு பாட மாட்டாராம், சனம் பாடணுமாம். இது எந்த ஊர்ல உண்டு? சமையல்காரன் பந்தியில வந்து நீங்களே கிண்டிக்கிடுங்கன்னு கரண்டியக் கொடுத்தா ஒத்துக்கிடுவியளா?

சனங்க ஒத்துக்கிட்டாவ. அதுதான் என் வயித்தெரிச்சல். வயித்தெரிச்சல்னு வாயால சொல்லுதேன் பாருங்க, மறைக்கல. மில்லுக்கார ஞானையான்னு ஒருத்தன். நாப்பது வருசமா வாயே திறக்காதவன். அவன் பாடினா எருமை கத்துத மாதிரி இருக்கும்னு நான்தான் ஒருக்க எல்லாருக்கும் முன்னால சொன்னேன், தமாசுக்கு. அதோட வாய மூடிட்டான். கிப்சன் அவன்கிட்டப் போயி, உங்க சத்தம் தரையில இருந்து வருது அண்ணாச்சி, ஒவ்வொரு அடி முடியும்போதும் நீங்க ஒரே சுருதியப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, நாங்க அதுமேல நடந்துக்கிடுதோம்னு சொல்லிருக்கான். இப்ப ஞானையா ஞாயித்துக்கிழம வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு அர மணி நேரம் முன்னாலயே வந்து உக்காந்திருக்கான். எருமை அதே எருமைதான். ஆனா கேக்க நல்லா இருக்கு, சவத்த என்ன பண்ண?

பீடி சுத்துற பொம்பளையகிட்ட மத்தியானம் போயி உக்காருதான். அவுக இலைய வெட்டிக்கிட்டே பாடுவாவ. இவன் கேட்டுக்கிட்டே இருப்பான். ஞாயித்துக்கிழம பாத்தா அந்த மெட்டு கோயிலுக்குள்ள வந்துரும். சங்கீதம் இருக்குல்லா, தாவீது ராசா பாடினது, அத நாங்க சும்மா வாசிப்போம், ஐயர் ஒரு வசனம், நாங்க ஒரு வசனம். இவன் அதையும் பாட வச்சிட்டான். ஆம்பிளைய பக்கம் ஒரு அடி, பொம்பளைய பக்கம் ஒரு அடி. பொம்பளைய கேள்வி கேக்குத மாதிரி, ஆம்பிளைய பதில் சொல்லுத மாதிரி. கூட்டம் கூடிப் போச்சு. வராத ஆளெல்லாம் வாரான். எனக்குச் சொல்லுங்க, கோயிலா, கல்யாண வீடா?

ஞானையாதான் முதல்ல புத்தகத்துல என் பேர அடிச்சான். நேர்ல வந்து சொன்னான். "தேவசிகாமணி, கோவிச்சுக்கிடாத. அந்தப் பையன் பாட்டெடுத்தா எனக்கு நானே பாடுத மாதிரி இருக்குவே."

"செத்தப்புறம் நீ எப்பிடிவே பாடுவ?" அப்பிடின்னு கேட்டேன். சிரிச்சிட்டுப் போயிட்டான்.

ஒருத்தன் அடிச்சா போதும்லா, ஒண்ணொண்ணா அடிச்சிட்டாவ. கோயில்ல பக்கத்துல உக்காந்திருப்பாவ, நான் ஓரக்கண்ணால கடைசிப் பக்கத்தப் பாப்பேன். தேவசிகாமணி அடிச்சிருக்கும், கிப்சன் எழுதியிருக்கும். சில ஆளு மரியாதைக்கு ஒரே ஒரு கோடு போட்டிருப்பாவ. சில ஆளு கிறுக்கித் தள்ளியிருப்பாவ. நான் பாத்துப் பாத்து வச்சிருந்த ஆளுக தம்பி. ஒவ்வொருத்தருக்கும் எந்தச் சரணத்துல இழுக்கணும், எந்த இடத்துல நிப்பாட்டினா சனம் அழும்னு யோசிச்சு வச்சிருந்தேன். எல்லாம் வேன் ஓட்டுத பயலுக்குப் போயிருச்சு.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கிட்டேன். பொறுக்க முடியாதது எங்க வீட்ல நடந்தது.

எங்க வீட்ல பேரு ஜெபக்கனி. கல்யாணம் முடிஞ்ச புதுசுல நல்லாப் பாடுவா. பொம்பளைய பக்கம் முன் பெஞ்சு. அப்புறம் பாட்ட விட்டுட்டா. ஏன்னா எங்களுக்கு ஒரு மக. பெர்சிஸ்னு பேரு. ஒம்பது வயசு. மஞ்சக்காமாலையில போயிட்டா. இருபத்தாறு வருசம் ஆச்சு. அந்த அடக்கத்துக்கு யாரு பாட்டெடுக்கன்னு ஊரே முழிச்சுக்கிட்டு நின்னுச்சு. நானே எடுத்தேன் தம்பி. பெத்த மக பெட்டிக்கு முன்னால ஆர்மோனியத்தப் போட்டு, வீட்ல இருந்து கல்லறைத் தோட்டம் வரைக்கும், மண்ணு போட்டு மூடுத வரைக்கும் நானே பாடினேன். ஒரு இடத்துல சுருதி விலகல. ஒரு இடத்துல குரல் உடையல. இன்னைக்கும் பேசுவாவ. அக்கம்பக்கத்து ஊர்ல இருந்து வந்தவுக எல்லாம் கையப் பிடிச்சுக்கிட்டு, மனுசன் இரும்புய்யா நீருன்னாவ. எனக்கு அதுல இன்னைக்கும் ஒரு பெருமதான். என் பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்கல.

அதுக்கு அப்புறம் ஜெபக்கனி கோயில்ல வாயே திறக்கல. புத்தகத்த விரிச்சு வச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருப்பா. எனக்கு எவ்வளவு கேவலம் சொல்லுங்க. தலைவரு பெண்சாதி பாட மாட்டா. ஊர்ல நூறு பேரப் பாட வச்சவனுக்கு வீட்ல ஒருத்தியப் பாட வைக்க முடியல. ஒண்ணு ரெண்டு தடவ சொல்லிப் பாத்தேன். தொண்ட சரியில்லங்கம்பா. இருபத்தாறு வருசமா ஒருத்திக்குத் தொண்ட சரியில்லாம இருக்குமா? போட்டும்னு விட்டுட்டேன்.

கிப்சன் தலைவரா வந்து மூணு மாசத்துல அவளப் பாட வச்சிட்டான்.

வீடு வீடா வந்தான். "அத்த, சின்ன வயசுல உங்க வீட்ல பாடின சங்கீத மெட்டு ஏதாவது இருக்கா?" இதுதான் கேள்வி. அவளுக்கு அத்த, எனக்கு மாமா. யாரு இவனுக்கு மாமா? முதல் தடவ இல்லன்னுட்டா. ரெண்டாவது தடவ காப்பி கொடுத்து அனுப்பினா. மூணாவது தடவ வந்தப்ப அவ கேக்கா, "உங்க வேன்ல ஒம்பது வயசுப் பிள்ளைய எத்தன பேரு வருதுக?"

"ஆறு பேரு அத்த. அதுல ஒண்ணு எனக்குப் பக்கத்துலதான் உக்காருவேன்னு டெய்லி அழும்."

அவ்வளவுதான் பேச்சு. அடுப்படி நெலையில சாஞ்சுக்கிட்டு ஒரு சங்கீதத்தப் பாடினா பாருங்க. தாலாட்டு மாதிரி ஒரு மெட்டு. பையப் பைய ஏறி, பைய இறங்கும். அஞ்சு கட்டையில. நான் முன்ரூம்ல பேப்பர் பாத்துக்கிட்டிருந்தேன். எனக்கு அந்த மெட்டே தெரியாது தம்பி. பெர்சிஸ உறங்க வைக்கப் பாடினதாம். அப்ப நான் எங்க இருந்திருப்பேன்? பாட்டுப் பழக்கத்துக்குக் கோயிலுக்குப் போயிருப்பேன். முப்பத்தொரு வருசம் தலைவரு, என் வீட்டுக்குள்ள எனக்குத் தெரியாத ஒரு ராகம் இருந்திருக்கு. அத ஒரு வேன் டிரைவரு காப்பி குடிச்சிட்டு வாங்கிட்டுப் போறான்.

அடுத்த மாசம் அந்த ராகத்தக் கோயில் முழுக்கப் பாடுது. பொம்பளைய பக்கம் முதல் அடிய எடுத்துக் கொடுக்கது யாரு? ஜெபக்கனி. நான் மூணாவது பெஞ்சுல உக்காந்திருக்கேன். எனக்குச் சந்தோசம் வரணும்லா? வரல. நெஞ்சுக்குள்ள எரியுது. என் பெண்சாதி சத்தத்தக் கேட்டு இருபத்தாறு வருசம் ஆச்சு, அது அவன் கைய அசைச்சா வருது, நான் கேட்டா வரல. தப்பா நினைக்காதிய, அவன் அவளுக்கு மகன் வயசு. அதெல்லாம் ஒண்ணும் இல்ல. ஆனா இதுக்கு வேற என்ன பேரு சொல்ல? பொறாமதான். வீட்டுக்கு வந்து சாப்பாட்டத் தள்ளி வச்சேன். பருப்பு உறைக்குன்னு ஒரு பொய்யச் சொன்னேன். பருப்பு எங்கயாவது உறைக்குமா?

அப்புறம் ஒருநாள் அவ பாட்டுப் புத்தகம் மேசையில கிடந்துச்சு. சும்மா எடுத்தேன். சும்மான்னு சொல்லுதேன், சும்மா இல்ல. கடைசிப் பக்கத்தப் பாக்கத்தான் எடுத்தேன். அவ கையெழுத்து, குண்டு குண்டா இருக்கும். 'என் சங்கீதம். எடுக்க வேண்டியது கிப்சன்.' நான் ரெண்டு தடவ படிச்சேன். அடிச்சு எழுதல தம்பி. என் பேர எழுதியே இருக்கல.

புத்தகத்தத் தூக்கிக்கிட்டு அடுப்படிக்குப் போனேன். "என்ன இது?"

"பாத்துட்டியளா."

"ஊர்ல இருக்கிறவுக அடிச்சா பரவாயில்ல. நீயுமா?"

அரிவாள்மணையில உக்காந்து முருங்கக்கா நறுக்கிக்கிட்டிருந்தா. தலைய நிமித்தல. "நீங்க அன்னைக்குப் பாட முடியாதுங்க. உங்களுக்கு வேற சோலி இருக்கும்."

"எனக்கென்ன சோலி?"

"செத்தது உங்க பெண்சாதில்லா."

விளங்குதா உங்களுக்கு? எனக்கு விளங்கல. கிண்டல் பண்ணுதான்னு நினைச்சேன். மூணு வாரம் அவகூடப் பேசல. அந்த மூணு வாரத்துலதான் அவளுக்குப் படியேறினா மூச்சு வாங்க ஆரம்பிச்சது. நான் கவனிக்கலன்னு ஐயர்கிட்டச் சொன்னேன். பொய்யி. கவனிச்சேன். நான் பேச மாட்டேன்னு இருக்கும்போது எப்பிடிக் கேக்கன்னு வீம்புல இருந்துட்டேன். இருதயம் வீங்கிருக்குன்னாவ. ஆஸ்பத்திரியில பதினேழு நாள். அங்க பேசினேன், எல்லாம் பேசினேன். இந்தப் புத்தகப் பேச்ச மட்டும் ரெண்டு பேரும் எடுக்கல. ஒரு சனிக்கிழம காலையில இட்லி வாங்கிட்டு வாரேன்னு போனேன். வாரதுக்குள்ள முடிஞ்சு போச்சு. நாப்பத்திரெண்டு நாள் ஆகுது.

இல்ல இல்ல, தண்ணி வேண்டாம். கேளுங்க, இனிமேதான் குத்தமே வருது.

முத்தத்துல பெட்டி. சுத்தி நாற்காலி. நான் என்ன செஞ்சேன்னா, புத்தகத்துல அவ என்னத்தையும் எழுதிட்டுப் போகட்டும், பெட்டிக்குக் கால்மாட்டுல போயி நின்னுட்டேன். பாட்டெடுக்கிற ஆளு நிக்கிற இடம் அது. தொண்டையக் கனச்சு சரி பண்ணிட்டேன். ஒண்ணரைக் கட்டை மனசுக்குள்ள நிக்கி. கிப்சன் வந்தான். கண்ணெல்லாம் செவந்திருக்கு. என் தோளப் பிடிச்சு, "மாமா, நீங்க இங்க"ன்னு தலைமாட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நாற்காலியில உக்கார வச்சிட்டான். எல்லாரும் பாக்காவ. துக்க வீட்ல மல்லுக்கட்ட முடியுமா? உக்காந்தேன்.

சரிடே, நீ எடு, பின்னாலயே நானும் சேந்துக்கிடுதேன், என் சத்தம் கேட்டா உன் சத்தம் எங்க போகுதுன்னு பாப்போம்னு இருந்தேன். பெண்சாதி பெட்டிக்குள்ள கிடக்கா, புத்தி எங்க போகுது பாத்தியளா.

அவன் பொம்பளையளப் பாத்துக் கையக் காட்டினான். அவுக எடுத்தாவ. அஞ்சு கட்டையில.

செத்த வீட்ல எவனாவது அஞ்சு கட்டையில எடுப்பானா? ஆம்பிளைய எப்பிடிப் பாட? நான் மேல போயிப் பாத்தேன், முதல் அடியிலயே கிழிஞ்சு போச்சு. ஒரு ஸ்தாயி கீழ இறங்கிப் பாத்தேன், வயித்துக்குள்ள போயி அமுங்கிருச்சு. மேலயும் இடமில்ல, கீழயும் இடமில்ல. சரி, அடுத்த அடி ஆம்பிளைய அடிதானே, அதுல இறக்குவான்னு பாத்தேன். அதையும் பொம்பளையளயே பாட வச்சிட்டான். ஞானையா மட்டும் அடியில ம்ம்ம்னு பிடிச்சுக்கிட்டு நிக்கான். அது எனக்கு ஆகுமா? வாய மூடிட்டேன்.

வாய மூடிட்டுச் சும்மா இருக்க எனக்குத் தெரியாது தம்பி. கைய எங்க வைக்கன்னு தெரியல. ஜெபக்கனி கையி பெட்டி ஓரத்துல இருந்துச்சு. பிடிச்சேன். இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு ஒண்ணு மணிக்கட்டுல. எப்ப சுட்டுச்சுன்னு எனக்குத் தெரியாது. கேக்கலாம்னு குனிஞ்சேன் பாருங்க, கேக்கலாம்னு.

அப்பதான் அந்த மெட்டு எங்க இருந்து வந்துச்சுங்கிறது மண்டையில ஏறுச்சு. பெர்சிஸ உறங்க வச்ச மெட்டு. அவ அடக்கத்துல நான் பாடின ஒவ்வொரு அடியும் எனக்கு ஞாபகம் இருக்கு. எந்த இடத்துல மூச்சு எடுத்தேன்ங்கிறது கூட. ஜெபக்கனி அன்னைக்கு எங்க உக்காந்திருந்தா? எவ்வளவு யோசிச்சும் தெரியல தம்பி. அழுதாளா, மயங்கினாளா, யாரு அவளப் பிடிச்சுக்கிட்டா? நான் அந்தப் பக்கம் பாக்கவே இல்ல. பாத்தா சுருதி போயிரும்னு பாக்கல.

அங்கனயே உடைஞ்சுட்டேன். நான் அழுத சத்தத்துல பாட்டு நின்னு போச்சுன்னு சொல்லுதாவ. எனக்குத் தெரியாது. ரெண்டு பேருக்கும் சேத்து அழுதேன்.

மூணு நாள் கழிச்சு நேரா கிப்சன் வீட்டுக்குப் போனேன். வேனக் கழுவிக்கிட்டிருந்தான். "ஏல, உனக்குச் சுருதி தெரியுமால? எந்த மடையன் செத்த வீட்ல அஞ்சு கட்டையில எடுப்பான்?"ன்னு கேட்டேன். சண்டன்னா எழுதித்தான் கொடுப்பேன்னு சொன்னேன்லா, அன்னைக்குத்தான் வாயால பிடிச்ச ஒரே சண்ட.

குழாய அடைச்சான். ஈரக்கையச் சட்டையில துடைச்சான்.

"அத்ததான் மாமா சொன்னாவ. ஆஸ்பத்திரியில வச்சு. எங்க வீட்டுக்காரருக்கு எட்டாத சுருதியில எடுங்க. எட்டுச்சுன்னா பாட ஆரம்பிச்சிருவாவ. பாடினா அவுகளுக்கு அழ வராது. பிள்ளைக்கும் அழல. எனக்காவது பக்கத்துல இருந்து அழட்டும். அப்பிடின்னாவ."

நான் என்ன சொல்லிட்டு வந்தேன்னு நினைக்கிய? சரி மாப்பிள்ளைன்னு தோளத் தட்டிட்டு வந்திருப்பேன்னா? வேன் டயர எத்திட்டு வந்தேன். கால்தான் வலிச்சுச்சு. முப்பத்தேழு வருசம் குடும்பம் நடத்திட்டு, அத என்கிட்டச் சொல்லிருக்கலாம்லா அவ? என் பக்கத்துல இருங்க, பாடாதியன்னு ஒரு வார்த்த. நான் ஆஸ்பத்திரியில கட்டில் பக்கத்துலதானே ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தேன். அவன்கிட்டச் சொல்லிருக்கா. என்கிட்டச் சொல்லலயே. நூத்திப் பன்னெண்டு பேரு போனது எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. இந்த ஒரு பேச்சு அவன்கிட்டப் போனதத்தான் என்னால தாங்கவே முடியல.

அதுக்குத்தான் இந்த மனு. மூணு குத்தம் எழுதியிருக்கேன். பாடகர் குழு ஒழுங்க மாத்திட்டான், ஒண்ணு. கோயில்ல பீடி சுத்துத மெட்டக் கொண்டு வந்துட்டான், ரெண்டு. அடக்க ஆராதனையில தப்பான சுருதியில பாட்டெடுத்தான், மூணு. ஆகையால் மேற்படியாரை நீக்கி உத்தரவிடும்படி தாழ்மையுடன்னு முடிச்சிருக்கேன். நல்லாத்தான் எழுதியிருக்கேன், ஆபீஸ் எழுத்து எனக்கு வரும்.

பேனா இருக்கா? கொடுங்க. மூணாவத அடிச்சிருதேன். அது அவன் குத்தமில்ல, பாவம்.

பஸ்ஸு ஆடுது, கோடு கோணலாப் போகுது பாருங்க. சரி, இந்தாங்க. இல்ல, இருங்க, பேனா இன்னும் செத்த நேரம் என்கிட்ட இருக்கட்டும். என் பாட்டுப் புத்தகமும் இந்தப் பையிலதான் கிடக்கு. கடைசிப் பக்கத்தப் பாருங்க. வெத்து. ஊருக்கெல்லாம் பாடினவன், தனக்கு எழுதல. நம்மள விடப் பாடுத ஆளு வரட்டும், எழுதுவோம்னு இருந்தேன். இப்ப யாரு பேர எழுத? அவன மாத்திட்டா எனக்கு யாரு பாட்டெடுப்பா? சரி, அவன் பேரத்தான் எழுதுதேன்னு வைங்க. அவன் கால்மாட்டுல நின்னு பாடிக்கிட்டிருப்பான். தலைமாட்டு நாற்காலியில யாரு உக்காருவா? ஜெபக்கனி இல்ல. பெர்சிஸ் இருந்தா இன்னைக்கு முப்பத்தஞ்சு வயசு, அவன் வயசு. ஊர்ல ஒவ்வொரு வீடா நினைச்சுப் பாத்துட்டேன். எனக்குன்னு உக்காந்து அழ ஆளுன்னா அவன் ஒருத்தன்தான் இருக்கான். மாமா மாமான்னு அழுவான் அந்த மூதி. அவன அங்க உக்கார வச்சா பாட்ட யாரு எடுக்க?

என்னது, ஆபீஸ் ஸ்டாப்பா? தெரியும், பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அந்தா ஆபீஸ் கேட்டு தெரியுது. விசில் ஊதிட்டாரு. போகட்டும், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கேன், அங்க இறங்கி அடுத்த பஸ்ஸுல திரும்பிருதேன். இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சரைக்குப் பாட்டுப் பழக்கம் உண்டு. நான் போறதில்ல. ஜன்னல் ஓரமா வெளிய நிப்பேன்.

ஞாயித்துக்கிழம ஒருநாள் எங்க ஊருக்கு வாங்க தம்பி. திருநீறோடயே வாங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ. ஜெபக்கனி சங்கீதத்த அஞ்சு கட்டையில எடுப்பான், ஊரே பாடும். நான் ஆம்பிளைய பக்கம் மூணாவது பெஞ்சுல இருப்பேன், பக்கத்துல வந்து உக்காருங்க. ஆனா ஒண்ணு, முடிஞ்சு வெளிய வரும்போது அவன் நல்லாப் பாடுதான்னு மட்டும் என்கிட்டச் சொல்லிராதிய.